ஸ்ட்ரோக் வந்த ஆளுக்கு பின்னால வலிப்பும் வரலாம், இதையும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

குலசேகரம் பக்கத்துல ஒரு ஊர்ல இருந்து எழுதுதேன். கொஞ்சம் ரப்பர் உண்டு, அதுலதான் பொழப்பு. உங்க பேப்பர் எங்க வீட்டுல அப்பா காலத்துல இருந்தே வாங்குறது. அக்டோபர் 29 உலக பக்கவாத தினத்துக்கு ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க, வாய் கோணுதா, கை தூக்க முடியுதா, பேச்சு குளறுதா பாருங்க, நாலரை மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு போனாதான் ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி போட முடியும்னு எல்லாம் விளக்கமா இருந்துச்சு, குறையே சொல்ல மாட்டேன். அப்புறம் நவம்பர் 17 தேசிய வலிப்பு தினத்துக்கு இன்னொரு கட்டுரை, அது முழுக்க சின்ன பிள்ளைங்களுக்கு வர்ற வலிப்பு, காய்ச்சல்ல வர்ற வலிப்பு, படிக்கிற பிள்ளைய டீச்சர் எப்படி பாத்துக்கணும்னு. அதுவும் நல்ல கட்டுரைதான். ரெண்டு நாளுக்கும் நடுவுல 19 நாள்தான் இடைவெளி, ஆனா ரெண்டும் ஒரே ஆளுக்கு வரும், முதல்ல ஸ்ட்ரோக் வந்து ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு அதே ஆளுக்கு வலிப்பு வரலாம்னு ஒரு வரி ரெண்டு பக்கத்துலயும் இல்ல. அதுக்குதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டணும்னா வெட்டிக்கோங்க, ஆனா மாத்திரை பத்தியும் குளம் பத்தியும் எழுதினத மட்டும் வெட்டாதீங்க.

எனக்க கதை தெரிஞ்சாதான் மத்தது புரியும், அதனால சொல்லுதேன். ரப்பர் வெட்டுதவங்களுக்கு தெரியும், விடியுறதுக்கு முன்னாலயே நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு தோட்டத்துல இறங்கணும், வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் குறஞ்சிரும். அன்னைக்கு அப்படி வெட்டிட்டு நிக்கும்போது வலது கையில கத்தி நிக்கல, பட்டைய தாண்டி தடியில போய் இறங்குது. பக்கத்து தோட்டத்துல வெட்டிட்டு நின்ன அண்ணன் என்னவோய்னு கேட்டாரு, நான் சொன்ன பதில் அவருக்கு புரியல, எனக்கு நான் சரியா சொன்னதாதான் தோணுச்சு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி போய் சேரும்போது பாதி சரியாயிட்டு, மத்தியானத்துக்குள்ள கையும் வந்துட்டு, பேச்சும் வந்துட்டு. சிடி ஸ்கேன்ல ஒண்ணும் காணல. பின்னால எம்ஆர்ஐ எடுத்தப்போ இடது பக்கம் மூளையோட மேல்பரப்புல ஒரு சின்ன தழும்பு இருக்கு, ஆனா அது அன்னைக்கு வந்ததா இல்ல எப்பவோ வந்து நமக்கு தெரியாம போனதான்னு உறுதியா சொல்ல முடியாதுன்னுட்டாங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல ஸ்ட்ரோக்னு எழுதி அதுக்கு முன்னால ஒரு கேள்விக்குறி போட்டு குடுத்தாங்க. ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, கொலஸ்ட்ராலுக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, உப்ப குறைங்க, பீடிய விடுங்க, அவ்வளவுதான் பேச்சு.

இந்த கேள்விக்குறிய பத்தி ஒண்ணு சொல்லணும். முழுசா ஒரு பக்கம் விழுந்துட்டா ஊரே நம்பும், வந்து பாக்கும், பழம் வாங்கிட்டு வரும். நாம நடந்து டீக்கடைக்கு போயிட்டா அவனுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா வாய்வுக் கோளாறா இருக்கும்னு முடிச்சிருவாங்க. டாக்டர்களும் பொய் சொல்லல, கொஞ்ச நேரத்துல சரியாகிற ஸ்ட்ரோக் உண்டு, ஆரம்பத்துல எடுக்கிற சிடில அடைப்பு பல நேரம் தெரியாது, வலிப்புமே கை தளந்து பேச்சு குளறி ஸ்ட்ரோக் கணக்கா வந்துட்டு போகலாம், அதனால சில பேருக்கு முதல்ல வந்தது எதுன்னே கடைசி வரைக்கும் தெரியாது. எனக்கும் அப்படித்தான். தெரியாமலே ரெண்டுக்கும் மாத்திரை தின்னுட்டு இருக்கேன்.

சில மாசம் கழிச்சு ஒரு ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு இருக்கும்போது வலது கை பெருவிரல் தானா துடிக்குது. பிடிச்சு வச்சாலும் நிக்கல. அது மணிக்கட்டுக்கு வந்து முழங்கைக்கு வந்து முகத்துல ஒரு பக்கம் இழுக்குது, வீட்டுக்காரி கேக்குறது எல்லாம் எனக்கு கேக்குது, வாய் மட்டும் வரல, அதுக்கு மேல எனக்கு ஞாபகம் இல்ல, கீழ விழுந்து கையும் காலும் வெட்டுச்சாம். முழிச்சு பாக்கும்போது வலது கை செத்து கிடக்கு. எல்லாரும் ரெண்டாவது ஸ்ட்ரோக்னே முடிவு பண்ணிட்டாங்க, மவ அழுதுட்டு நிக்கா. கேஷுவால்ட்டில இருந்த டாக்டரம்மா வீட்டுக்காரிகிட்ட கேட்ட முதல் கேள்விய நான் இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், கை முதல்ல தளந்துச்சா, முதல்ல துடிச்சுச்சா? துடிச்சுதுன்னு இவ சொன்னதும் அவங்களுக்கு பாதி புரிஞ்சிட்டு. ஸ்ட்ரோக்ல பெரும்பாலும் பலம் திடீர்னு போகும், வலிப்புல முதல்ல துடிக்கும், துடிச்சு முடிச்சு களைச்ச பிறகு அந்த கை கால் கொஞ்ச நேரமோ ஒரு நாளோ தளந்து கிடக்கும், அப்புறம் தானா திரும்பி வரும். டாட் பராலிசிஸ்னு அதுக்கு பேரு. எனக்கு மறுநாள் காலையில டம்ளர் பிடிக்க முடிஞ்சுது.

ஆனா இத படிச்சுட்டு யாரும் வீட்டுல இருந்து இது வலிப்புதான், தானா சரியாயிரும்னு காத்து கிடக்கப்படாது. ஸ்ட்ரோக் வந்த ஆளுக்கு வலிப்பும் வரலாம், அடுத்த ஸ்ட்ரோக்கும் வரலாம், கண்ணால பாத்து பிரிக்க டாக்டருக்கே கஷ்டம். உடனே போங்க, போய் ரெண்டு விஷயத்த முதல்ல சொல்லுங்க, கடைசியா எத்தன மணிக்கு நல்லா இருந்தாரு, முன்னமே வலிப்பு உண்டா இல்லையா. போன்ல ஒரு வீடியோ எடுத்து வச்சா அதவிட நல்லது, டாக்டர்மாருக்கு நாம ஆயிரம் வார்த்தையில சொல்றத விட அது உபயோகம். (படம் எடுக்க ஒரு ஆளு போதும், ஊர்ல எல்லாரும் எடுத்து ஸ்டேட்டஸ்ல போட வேண்டாம்.)

எனக்கு ஆத்தாமை என்னன்னா, முதல் தடவை டிஸ்சார்ஜ் ஆகும்போது இத யாருமே சொல்லல. எந்த ஆஸ்பத்திரின்னு எழுத மாட்டேன், எல்லா இடத்துலயும் இதே கதைதான்னு நெறைய பேருகிட்ட பேசுனதுல தெரியுது. பயங்காட்டக் கூடாதுன்னு சொல்லாம விடுவாங்களோ என்னவோ. ஆனா இது அபூர்வமான விஷயம் ஒண்ணும் இல்ல, அறுபது வயசுக்கு மேல புதுசா வலிப்பு வந்தா அதுக்கு முதல் காரணமே ஸ்ட்ரோக்தான். மூளையில செத்துப்போன இடம் தழும்பாகும், அத சுத்தி இருக்கிற நரம்பு செல்லுங்க கட்டுப்பாடு இல்லாம கரண்ட் விடும், அதுதான் வலிப்பு. ரத்தக்கசிவு ஸ்ட்ரோக்கா இருந்தா, இல்ல மூளையோட மேல்பரப்பு பாதிச்சிருந்தா, வாய்ப்பு கூடுதல். ஸ்ட்ரோக் வந்து முதல் ஏழு நாளைக்குள்ள வர்ற வலிப்பு வேற கணக்கு, அது மூளை அடிபட்ட அதிர்ச்சியில வர்றது, பிறகு வராமலும் போகலாம். ஏழு நாள் தாண்டி வந்தா ஒரே ஒரு தடவை வந்தாலும் அத வலிப்பு நோயாதான் எடுப்பாங்க, ஏன்னா அடுத்த பத்து வருஷத்துல மறுபடி வர்ற வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல. ரெண்டு தடவை வந்தாதான் மாத்திரைன்னு பழைய ஆளுங்க சொல்றத கேட்டு காத்திருக்க வேண்டாம்.

இன்னொண்ணு, எல்லா வலிப்பும் கீழ விழுந்து நுரை தள்ளி வராது. வயசானவங்களுக்கு பல நேரம் சும்மா ஒரே இடத்த வெறிச்சு பாப்பாங்க, வாய சப்பு கொட்டுவாங்க, சட்டை பட்டன திருகுவாங்க, கூப்பிட்டா பதில் இருக்காது, ஒரு நிமிஷம் கழிச்சு என்னன்னு கேப்பாங்க, அப்புறம் மணிக்கணக்குல குழப்பமா பேசுவாங்க. வீட்டுல அத அறிவு மங்குதுன்னோ வயசாயிட்டுன்னோ விட்டுருவாங்க. எங்க ஊர்ல ஒரு பாட்டிய சாமி வருதுன்னு ரொம்ப நாளு கும்பிட்டுட்டு வேற இருந்தாங்க. இஇஜி, அதாவது மூளையில ஓடுற கரண்ட பாக்குற டெஸ்ட், எடுத்து நார்மல்னு வந்துட்டா வலிப்பு இல்லன்னு நிம்மதி அடையவும் முடியாது, எடுக்குற அந்த அரை மணி நேரத்துல மூளை சும்மா இருந்தா சும்மாதான் காட்டும். பாத்தவங்க சொல்ற விவரம்தான் முக்கியம்.

சரி, வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு உங்க கட்டுரையில போட்டிருந்தீங்க, ஒருக்களிச்சு படுக்க வைங்க, கழுத்து பட்டன தளத்துங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல நீண்டா 108 கூப்பிடுங்கன்னு. நல்லது. ஆனா நம்ம ஊர்ல சாவிக்கொத்த கையில திணிக்கிறத நிறுத்தணும்னா அது ஏன் வேலை செய்யற கணக்கா தெரியுதுன்னும் சொல்லணும். வலிப்பு பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நிக்கும். ஆளு விழுந்து, கூட்டம் கூடி, ஒருத்தன் ஓடிப்போய் சாவி எடுத்துட்டு வந்து கையில வைக்க அதே ரெண்டு நிமிஷம் ஆகும். பேரு இரும்புக்கு போயிருது. சாவி கையில இருந்தா பெரிய கேடு இல்ல, நேரம்தான் வேஸ்ட்டு, ஆனா ஸ்பூன வாயில திணிக்கிறது கொடுமை, பல்லு உடஞ்சு தொண்டைக்குள்ள போகும். நாக்கு கடிச்ச காயம் தானா ஆறிரும். தண்ணி குடுக்கிறது அதவிட ஆபத்து, ஸ்ட்ரோக் வந்த ஆளுக்கு முன்னமே முழுங்குறதுல தகராறு இருக்கும், நெஞ்சுக்குள்ள போயிரும்.

இப்ப குளத்துக்கு வாறேன். குமரி மாவட்டத்துல குளம், சானல் (கால்வாய்), ஆறு, அருவி, கடல்னு தண்ணி இல்லாத இடம் கிடையாது. குழாய் வச்ச பாத்ரூம் வீட்டுல இருந்தாலும் சானல்ல முங்கி குளிச்சாதான் குளிச்ச திருப்தின்னு நினைக்கிற ஆளு நான், சின்ன வயசுல கோதையாத்துல நீச்சல் அடிச்சு வளந்தவன். டாக்டர் சொன்ன நெறைய விஷயத்துல எனக்கு மனசுக்கு பாரமா இருந்தது அதுதான், தனியா தண்ணில இறங்கக் கூடாது. நீச்சல் தெரியும்ங்கறது இதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, வலிப்பு வந்தா முழங்கால் தண்ணி போதும். இப்பம் மவன் ஊர்ல நிக்கும்போது அவன் கரையில நிக்க படியில இருந்து மக்குல கோரி ஊத்திக்குறேன், மத்த நாளு பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு உக்காந்து. கதவ சாத்தலாம், கொண்டி (தாழ்ப்பாள்) போடப்படாது. வெக்கமா இருக்கும்தான், ஆனா உள்ள விழுந்து கிடக்கிறவன எடுக்க கதவ உடைக்கிறதுக்குள்ள என்னென்னமோ ஆயிரும். கடல்ல போறவங்களுக்கு இது இன்னும் பெரிய பாடு. தூத்தூர், சின்னத்துறை பக்கத்து ஆளுங்க ஆழ்கடலுக்கு போனா வாரக்கணக்குல கடல்லதான், மாத்திரை தீந்துட்டா பக்கத்துல மெடிக்கலா இருக்கு? வலிப்பு இருக்குன்னு சொன்னா போட்டுல ஏத்த மாட்டாங்கன்னு மறைச்சுட்டு போறவங்க உண்டு, தப்புன்னு சொல்ல வாய் வருது, ஆனா வேற என்ன வேலை இருக்கு அவங்களுக்குன்னு யோசிச்சா வாய் அடைச்சு போவுது.

தோட்டத்துக்கும் இதே கணக்கு. தூக்கம் குறஞ்சா வலிப்பு வரலாம், வலிப்புக்காரங்க நெறைய பேருக்கு இது உண்டு. பால் வெட்டுக்கு ராத்திரி பாதி தூக்கத்துல எழும்பணும். நான் இப்பம் வெட்டுறது இல்ல, ஒரு பையன் வெட்டுதான், பாதி வருமானம் அவனுக்கு போயிரும். விடிஞ்ச பிறகு நான் போய் பால் எடுக்குறது, உறஞ்ச பால மெஷின்ல ஷீட்டா அடிக்கிறது, மரத்துல காஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் பொறுக்குறது எல்லாம் செய்யுதேன். மெஷின் சுத்தும்போது பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும்னு வீட்டுக்காரி சட்டம். கோயில் கொடைக்கோ ராத்திரி ஜெபத்துக்கோ முழிச்சு இருக்கிறது, விரதம்னு சொல்லி மாத்திரை வேளைய தள்ளுறது, இதெல்லாம் மத்தவங்களும் கவனிக்க வேண்டிய காரியம்.

மாத்திரை விஷயம் கொஞ்சம் விரிவா எழுதுதேன், இதுல நம்ம ஆளுங்க ரொம்ப ஏமாறுதாங்க. எனக்கு லெவிடிரசெடாம்ங்கற வலிப்பு மாத்திரை, காலையும் ராத்திரியும். ஆரம்பிச்ச புதுசுல எதுக்கெடுத்தாலும் கோவம், கோழி கத்துனாலும் கோவம், வீட்டுக்காரி இது மனுசனுக்க குணமா மாத்திரைக்க குணமான்னு டாக்டர்கிட்டயே கேட்டுட்டா. மாத்திரைக்க குணமாவும் இருக்கலாம்னு சொல்லி அளவ குறைச்சாங்க, இப்பம் தேவலாம். (பழைய குணம் பாக்கி இருக்குன்னு அவ சொல்லுதா.) இந்த மருந்துக்கு கோவம், மனசு சோர்வு வர்றது தெரிஞ்ச பக்கவிளைவுதான், அதனால வீட்டுல சண்டை போட்டுக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. பழைய மருந்து பெனிட்டாயின், கார்பமசெபின் விலை குறைவு, நல்லா வேலையும் செய்யும், ஆனா ஸ்ட்ரோக்குக்கு தர்ற கொலஸ்ட்ரால் மாத்திரையோடவும் ரத்தம் உறையாம இருக்க தர்ற சில மாத்திரையோடவும் அதுங்களுக்கு ஒத்துப்போகாது, அதுக்க வேலைய மாத்திரும். வலிப்பு டாக்டர் ஒரு இடம், ஸ்ட்ரோக் பாத்த டாக்டர் ஒரு இடம், ஒருத்தர் சீட்டு இன்னொருத்தருக்கு தெரியாம வாங்கி தின்னா நமக்குதான் கஷ்டம். எல்லா மாத்திரையும் ஒரு கவர்ல போட்டு கொண்டு போய் மேசையில கொட்டுங்க.

மெடிக்கல் ஷாப்புல போய் வயித்துப்போக்குக்கு மாத்திரை தாங்கன்னா சிப்ரோஃப்ளாக்சசின் எடுத்து குடுப்பாங்க, இடுப்பு வலின்னா டிராமடால் கலந்தது. ரெண்டும் வலிப்பு உள்ளவங்களுக்கு வலிப்ப தூண்டி விடுற மருந்து. எனக்கு வலிப்பு இருக்குன்னு கடைக்காரர்கிட்ட வாய் திறந்து சொல்லணும், நாலு பேரு நிக்கும்போது சொல்ல கூச்சமா இருந்தா பழைய சீட்ட காட்டுங்க. அப்புறம் ரெண்டு வருஷமா வரலையே, எதுக்கு மாத்திரைன்னு ஒரு மாமா தானா நிறுத்தினாரு, நாலாம் நாளு தொடர்ந்து வலிப்பு வந்து ஐசியுல கிடந்தாரு. திடீர்னு நிறுத்துறது ஆரம்பத்துலயே போடாம இருக்கிறத விட மோசம். நிறுத்தலாமா குறைக்கலாமான்னு டாக்டர் பாத்து சொல்லட்டும், தழும்பு அங்கேயேதான் இருக்கு.

மவளுக்கு வரன் பாக்குறோம். ஒரு இடத்துல எல்லாம் பேசி முடிக்கிற நேரத்துல பொண்ணுக்க அப்பாவுக்கு வலிப்பாமே, ரத்தத்துல உண்டாமேன்னு பின்வாங்கிட்டாங்க. ஸ்ட்ரோக் தழும்புல வந்த வலிப்பு எப்படி பிள்ளைக்கு போகும்? நான் கால் ஒடிஞ்சு நொண்டினா எனக்க மவளும் நொண்டுவாளா? பாத்தது மூணாம் மனுசன், சொன்னது நாலாம் மனுசன். அது ஒரு பக்கம் இருக்கட்டும், வலிப்பு உள்ளவங்களே கல்யாணம் செய்யுறதுக்கு சட்டத்துல இருந்த தடைய 1999லயே எடுத்துட்டாங்க, இந்து திருமண சட்டத்துல இருந்த அந்த வார்த்தைய நீக்கியாச்சு. சட்டம் மாறி கால் நூற்றாண்டு ஆச்சு, நம்ம ஊர் தரகருக்கு இன்னும் சேதி வரல. உங்க பேப்பர்ல மணமகள் தேவை விளம்பரம் வர்ற பக்கத்துலயே ஒரு சின்ன கட்டம் போட்டு இத போட்டா எவ்வளவோ புண்ணியம்.

பைக்க நிறுத்தியாச்சு. லைசென்ஸுக்கு குடுக்கிற படிவத்துலயே வலிப்பு உண்டான்னு கேள்வி இருக்கு, பொய் எழுதி ஓட்டலாம், எத்தனையோ பேரு ஓட்டுதாங்க, ஆனா எங்க ரோட்டு வளைவுல எதிர்ல ஸ்கூல் பிள்ளைங்க வரும். பஸ்ஸுக்கு நிக்கிறது கால விரயம், வேற வழி இல்ல. ஊனமுற்றோர் சலுகை கிடைக்குமான்னு கேட்டு பாத்தேன், 2016 சட்டத்துல 21 வகை இருக்கு, வலிப்புக்குன்னு தனியா ஒரு வகை கிடையாது, ஸ்ட்ரோக்ல கை கால் விழுந்திருந்தா அந்த கணக்குல வாங்கலாம். எனக்கு கை கால் நல்லா இருக்கு. வண்டி ஓட்டவும் முடியாது, பஸ் பாஸும் கிடையாது.

நல்ல சேதியும் உண்டு, அத சொல்லாம விட்டா இத படிக்கிற ஸ்ட்ரோக்காரங்க பயந்துருவாங்க. ஸ்ட்ரோக் வந்த எல்லாருக்கும் வலிப்பு வராது, பெரும்பாலானவங்களுக்கு வராது. வந்தாலும் மருந்துல அடங்கும், வலிப்பு உள்ளவங்கள்ல 70 சதவீதம் பேரு வரைக்கும் சரியான மருந்து கிடைச்சா வலிப்பு இல்லாம இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நமக்கு ஆசாரிபள்ளத்துல மெடிக்கல் காலேஜ் இருக்கு, மருந்துக்கு அடங்காத கேஸுக்கு பக்கத்துலயே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை ஆஸ்பத்திரியில வலிப்புக்குன்னே தனி சென்டர் இருக்கு, 1995ல இருந்து அங்க வலிப்புக்கு ஆபரேஷன் கூட செய்யுதாங்க. சென்னைக்காரங்களுக்கு கூட ஸ்ரீ சித்திரை இவ்வளவு பக்கத்துல கிடையாதுன்னு நான் பெருமையா சொல்லுவேன். எனக்கு இப்பம் வலிப்பு வந்து ரொம்ப நாளாச்சு. எப்பவாவது தூக்கம் கெட்டா பெருவிரல் லேசா துடிக்கும், அப்பம் உக்காந்துருவேன், வீட்டுக்காரி மணி பாப்பா, கொஞ்ச நேரத்துல நிக்கும்.

நான் கேக்குறது பெரிய காரியம் இல்ல ஐயா. ஸ்ட்ரோக் வார்டுல இருந்து அனுப்பும்போது குடுக்கிற சீட்டுல தமிழ்ல நாலு வரி, பின்னால வலிப்பு வரலாம், இப்படி இப்படி இருக்கும், வந்தா இத செய்யுங்க, தனியா தண்ணில இறங்காதீங்கன்னு. தனியார் ஆஸ்பத்திரியா இருந்தாலும் கவர்மெண்ட்டா இருந்தாலும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு குத்தினா போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021ல இருந்து வீட்டுக்கு பிரஷர் பாக்க, மாத்திரை குடுக்க அக்காமாரு வர்றாங்க, அவங்க ஸ்ட்ரோக் வந்த வீட்டுல போகும்போது எங்கயாவது துடிச்சுதா, திடீர்னு வெறிச்சு பாத்தாங்களான்னு கூட ஒரு கேள்வி கேக்க சொல்லலாம். நீங்க அடுத்த வருஷம் அக்டோபர் 29க்கும் நவம்பர் 17க்கும் நடுவுல ஒரு நாள் ஏதாவது நரம்பு டாக்டர்கிட்ட கேட்டு இத மட்டும் அரை பக்கம் போடுங்க.

பேரு போட வேண்டாம், காரணம் மேலேயே எழுதியிருக்கேன்.

இப்படிக்கு
ஒரு ரப்பர் விவசாயி,
குலசேகரம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.